குழந்தையின் வயிற்றுவலியும் கனவான்களின் தீர்ப்பும்

"தாய்மாரின் அறியாமைதான் காரணம்!"

குடல்வால் வெடித்த நிலையில் ஏழைக் குழந்தை ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதெல்லாம் நமது கனவான்கள் இந்தத் தீர்ப்பை வாசித்துவிட்டுக் கை கழுவிக்கொள்கிறார்கள். இந்தத் தீர்ப்பை நாம் ஏற்க மறுக்கிறோம். ஏன் என்று சொல்ல, நாம் நேரில் கண்ட ஒரு சம்பவத்தை இங்கே வைக்கிறோம்.

மயிலாப்பூர்ப் பகுதியில் நமது கிளைத் தோழர் ஒருவரின் மகள், வயது ஆறு. தாய் தியாகராய நகரில் மூன்று வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்க்கிறார். ஒரு திங்கட்கிழமை காலை, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றது குழந்தை. சோறு வேண்டாம் என்றது. ஒருமுறை வாந்தி எடுத்தது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். தாய் மருந்துக் கடையில் சொல்லி ஒரு சிரப் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் பக்கத்துத் தெரு டாக்டர், "கேஸ்தான், பயப்படாதே அம்மா" என்றார். வயிற்றில் கை வைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். இரவில் காய்ச்சல் கண்டது. மறுநாள், "இது குடலேற்றம்" என்று சொல்லி, எண்ணெய் தடவி உருவி விடுகிற அம்மாள் ஒருவரிடம் பாட்டி அழைத்துப் போனார். விளக்கெண்ணெயும் புகட்டப்பட்டது.

புதன்கிழமை விடியற்காலை வலி திடீரென்று குறைந்தது. "சரியாகிவிட்டது" என்று வீடே பெருமூச்சு விட்டது. பிற்பகலுக்குள் வயிறு பலகை போல் விறைத்துவிட்டது. வலி குறைந்தது நோய் தீர்ந்ததால் அல்ல, குடல்வால் வெடித்ததால்!

குழந்தை பிழைத்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. தாய்க்கு இரண்டு வீட்டு வேலை போயிற்று. வட்டிக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

கேட்கிறோம்: இதில் அறியாமை யாருடையது?

புரியாத புதிரா இது?

குழந்தைகளுக்கு அவசர வயிற்று அறுவை சிகிச்சை தேவைப்படும் காரணங்களில் முதலிடம் வகிப்பது குடல்வால் அழற்சி. இது நேற்று முளைத்த வியாதி அல்ல. ஏட்டில் பதிவான முதல் குடல்வால் அறுவை 1735-ல் லண்டனில் நடந்தது. செய்தவர் கிளாடியஸ் அமியாண்ட். நோயாளி பதினோரு வயதுச் சிறுவன். 1886-ல் பாஸ்டன் நகரத்து ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்த வியாதிக்குப் பெயர் சூட்டி, சீக்கிரம் கண்டுபிடித்து அறுவை செய்க என்று வலியுறுத்தினார். 1889-ல் மெக்பர்னி, வலது அடிவயிற்றில் எந்த இடத்தில் விரலை வைத்தால் வலி துடிக்கும் என்று காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இது உலகறிந்த விஷயம்.

2002-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு மதிப்பெண் முறை வகுக்கப்பட்டது. மொத்தம் பத்து. வலது அடிவயிற்றைத் தொட்டால் வலித்தால் இரண்டு. இருமினாலோ, தட்டினாலோ, குதிக்கச் சொன்னாலோ அங்கே வலித்தால் இரண்டு. தொப்புளில் தொடங்கிய வலி வலப்புறம் இறங்கியிருந்தால் ஒன்று, பசியின்மை ஒன்று, குமட்டல் அல்லது வாந்தி ஒன்று, காய்ச்சல் ஒன்று. மீதி இரண்டும் வெள்ளை அணுக்கள் பற்றிய ரத்தப் பரிசோதனைக்கு. எண்ணிப் பாருங்கள்! பத்தில் எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு டாக்டரின் கையும், காதும், ஒரு காய்ச்சல்மானியும் போதும். கோடி ரூபாய் இயந்திரம் எதுவும் வேண்டாம்.

மதிப்பெண் மட்டுமே தீர்ப்பாகிவிடாது என்பது உண்மைதான். குடல்வால் சிலருக்குப் பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும். சிலருக்கு இடுப்புக்குள் தொங்கும். அப்போது பேதியும் நீர்க்கடுப்பும் வந்து, சாதாரண வயிற்றுப்போக்கு என்று ஏமாற்றும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாது. அந்த வயதில், கண்டுபிடிக்கும்போதே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் குடல்வால் வெடித்திருக்கிறது என்பது செல்வந்த நாடுகளிலும் கண்ட உண்மை. அங்குள்ள படித்த தாய்மாரும் அறியாதவர்கள்தானா, கனவான்களே?

நோய் ஏமாற்றுக்காரன் என்றால் அதற்கு மருந்து என்ன? சந்தேகம் வந்த குழந்தையைப் படுக்கையில் சேர்த்து, சில மணிக்கொருமுறை, கூடுமானவரை அதே டாக்டர், திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது. தேவைப்பட்டால் அனுபவமுள்ள கையால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பது. கையும் கடிகாரமும்தான் இதற்கு ஆயுதங்கள். நேரம் ஓட ஓட வெடிக்கும் அபாயம் ஏறுகிறது. ஒன்றரை நாள், இரண்டு நாள் தாண்டினால் அபாயம் மிக அதிகம்.

ஆக, கண்டுபிடிப்பது என்பது நேரம். அந்த நேரம்தான் உழைக்கும் மக்களுக்கு மறுக்கப்படுகிறது. தாய்க்கு ஒரு நாள் கூலியை விட நேரமில்லை. டாக்டருக்குத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. சர்க்காருக்கு இரவில் கதவைத் திறந்து வைக்க நேரமில்லை!

ஒரே வலி, இரண்டு வைத்தியம்

அதே தியாகராய நகரில், அந்தத் தாய் வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தைக்கு வயிறு வலித்தால் என்ன நடக்கும்? ஒரு மணி நேரத்தில் காரில் ஏறும். இன்ஷூரன்ஸ் அட்டையைக் கண்டதும், முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று யோசிக்காமலே சி.டி. ஸ்கேனுக்கு எழுதிவிடும் இடங்கள் உண்டு. குழந்தை உடம்பு கதிர்வீச்சைத் தாங்காது, அவசியமானாலன்றி சி.டி. கூடாது என்று மருத்துவமே எச்சரிக்கிறது. லாபத்துக்கு அந்த எச்சரிக்கை காதில் விழுவதில்லை. ஒரு குழந்தைக்குக் கையே வைக்கப்படவில்லை. இன்னொரு குழந்தைக்குத் தேவைக்கு மேல் இயந்திரம். பணக்காரக் குழந்தை மீது நமக்குப் பகையில்லை. இரண்டு குழந்தைகளையும் ஏமாற்றுவது ஒரே சந்தை என்றுதான் சொல்கிறோம்.

எட்டு மணிக்குப் பூட்டிய கதவு

1946-ல் போர் கமிட்டி சொன்னது என்ன? பணம் கொடுக்க முடியவில்லை என்பதற்காக எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்றது. நமது மாநிலத்தில் அந்த வாக்குறுதி அடியோடு பொய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும், 1911 முதல் நிற்கும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியும், 2008-ல் வந்த 108 வண்டியும் மக்களின் சொத்து. அங்கே தூக்கமின்றி உழைக்கும் இளம் டாக்டர்களும் நர்சுகளும் நம்மவர்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் குழந்தைக்கு வீட்டருகே என்ன இருக்கிறது? 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. வரவேற்றோம். அவற்றுக்கு வகுக்கப்பட்ட நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. இரவு பத்து மணிக்கு வலி தொப்புளிலிருந்து வலப்புறம் இறங்கினால்? குடல்வாலுக்கு ஆபீஸ் நேரம் தெரியுமா?

இன்னொரு அநியாயமும் உண்டு. அடையாற்றங்கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களைப் பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீடு அங்கே போயிற்று. வேலை இன்னும் மயிலாப்பூரிலும் அடையாறிலும்தான். தாய் விடியலில் பஸ் ஏறுகிறாள். குழந்தை பெரும்பாக்கத்து மாடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறது. எழும்பூரோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால்! இதற்கும் "அறியாமை" என்றுதான் பெயரா?

நம்மிடமும் குறை உண்டு

குடிநீருக்கும் ரேஷனுக்கும் பட்டாவுக்கும் மனுக் கொடுத்தோம், மறியல் செய்தோம். குழந்தையின் வயிற்றுவலியை எந்த மனுவிலும் எழுதவில்லை. "குடலேற்றம்" என்று வயிற்றை உருவுவதை நமது தோழர்களின் வீடுகளிலேயே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். இனி இருக்கலாகாது. ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு மாதர் சங்கமும் தெருக்கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும்:

வயிற்றுவலியோடு வாந்தியும் பசியின்மையும் காய்ச்சலும் சேர்ந்தால், வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால், குழந்தை குனிந்து நடந்தால், குதிக்க மறுத்தால், காத்திராதீர்கள். பேதி மருந்து, விளக்கெண்ணெய், எனிமா கொடுக்காதீர்கள். வயிற்றை உருவாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கடையில் கேட்டு அரைகுறையாக ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள். அது நோயை மறைக்கும். கடும் வலி திடீரென்று அடங்கிக் குழந்தை சோர்ந்தால் மகிழாதீர்கள். அப்போதே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில், "வயிற்றைத் தொட்டுப் பாருங்கள் டாக்டர்" என்று கேட்க அஞ்சாதீர்கள். வீட்டுக்கு அனுப்பினால், "எத்தனை மணிக்குத் திரும்ப வரவேண்டும்?" என்று கேளுங்கள். வலி குறைக்கும் மருந்து கொடுத்தால் நோய் தெரியாமல் போய்விடும் என்று சொல்லிக் குழந்தையைத் துடிக்க விடுவது பழைய எண்ணம். டாக்டர் அளவோடு கொடுக்கும் வலி மருந்து நோயறிதலைக் கெடுப்பதில்லை.

அறிவைப் பரப்புவது நமது கடமை. ஆனால் அறிந்த தாய் ஓடிவந்து தட்டும்போது கதவைத் திறப்பது சர்க்காரின் கடமை. ஆகவே நாம் கோருகிறோம்:

தென்சென்னையிலும், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியேற்றப் பகுதிகளிலும் இரவு பகலாகக் குழந்தையைப் பார்க்க டாக்டரும், ரத்தப் பரிசோதனையும், ஸ்கேனும் உறுதி செய்க!

சந்தேகம் உள்ள குழந்தையை வீட்டுக்கு விரட்டாமல் சேர்த்துக் கவனிக்கப் படுக்கைகள் ஒதுக்குக!

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குக் குழந்தையின் நோய்க்காகக் கூலியோடு விடுப்பு என்பதைச் சட்டமாக்குக!

காலி இடங்களை நிரப்பி, டாக்டர்கள் நர்சுகளின் வேலைப் பளுவைக் குறைத்திடுக!

அந்த ஆறு வயதுச் சிறுமி இன்று பள்ளிக்கூடம் போகிறாள். அவள் வயிற்றில் நீண்ட தழும்பு ஒன்று இருக்கிறது. கனவான்கள் அதைத் தாயின் அறியாமை என்று படிக்கிறார்கள். நாம் அதில் படிப்பது மறுக்கப்பட்ட நேரத்தின் கணக்கு. இன்னொரு குழந்தையின் வயிற்றில் அந்தக் கணக்கு எழுதப்படுமுன் வீதிக்கு வருவோம், தோழர்களே!