எடை கூடினால் ஏளனமா?

(விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி)

காய்ச்சலுக்கு மருந்து உண்பவரைக் கண்டால் “உடம்பு தேவலையா?” என்று கேட்கிறோம். மனநோய்க்கு மருந்து உண்பவரைக் கண்டால் “என்ன, இப்படிப் பெருத்துவிட்டாய்?” என்று கேட்கிறோம். இரண்டாவது கேள்வி எத்தனை பேரை மருந்தை விட்டே விரட்டுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1952-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசின் என்னும் மருந்து தரப்பட்டது. அன்று தொடங்கி வந்த மருந்துகள் எண்ணற்றோரை வீடு திரும்பச் செய்தன. ஆயினும் அவற்றுள் சில உடல் எடையைக் கூட்டுகின்றன. குளோசபின், ஓலன்சபின் ஆகிய இரண்டும் இதில் முன்னிற்பவை. லித்தியம், வால்புரோயேட் ஆகியவற்றாலும் எடை கூடுவதுண்டு.

இதற்குக் காரணம் சோம்பலா? பெருந்தீனியா? இல்லை. பசியை அடக்கும் பணியில் செரோட்டோனின், ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள்களுக்கு மூளையில் பங்குண்டு. ஓலன்சபின் போன்ற மருந்துகள் அவற்றின் ஏற்பிகளை மறித்துவிடுகின்றன. வயிறு நிறைந்த பின்னும் ‘போதும்’ என்ற எண்ணம் எழுவதில்லை. மருந்தின் தூக்கக் கலக்கம் வேறு நடமாட்டத்தைக் குறைக்கிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே என் அக்காவின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் எனதாயிற்று. இல்லாத குரல்கள் காதில் கேட்டு வாடிய அவள், ஓலன்சபின் உண்ணத் தொடங்கிய பின் உறங்கினாள்; பூக்கட்டும் வேலைக்கும் மீண்டாள். எட்டு மாதத்தில் 48 கிலோ எடை 63 ஆயிற்று. உறவினர் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். “இப்படி இருந்தா எவன் கட்டுவான்?” என்று கல்யாணப் பந்தியிலேயே ஒருவர் கேட்டார். மறுநாளே அவள் மாத்திரையை நிறுத்தினாள். ஆறு வாரத்தில் குரல்கள் திரும்பின. அன்று சிரித்தவர் எவரும் ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு காத்திருக்கவில்லை.

எடை கூடுகிறதென்று தாமாக மருந்தை நிறுத்துவது பேராபத்து. அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எடையை அவ்வளவாகக் கூட்டாத அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துக்கு மாற்றலாமா, மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று அவர் முடிவு செய்வார். மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தொடர்ந்து பார்த்துவர வேண்டும். முதல் சில மாதங்களில்தான் எடை விரைந்து ஏறுகிறது. ஆதலால் ‘பிறகு பார்ப்போம்’ என்பது கூடாது.

ஓட்ஸ் உண்க, ஆலிவ் எண்ணெய் ஊற்றுக என்று அறிவுரை கூறுவோர் பலர். ரேஷன் அரிசி பொங்கும் வீட்டில் அது நடக்குமா? என் தாயார் வேறு வழி கண்டார். அக்காவுக்கென்று தனிப் பத்தியம் வைக்கவில்லை. எல்லோர் தட்டிலும் சோறு குறைந்தது. கீரையும் அவரையும் கூடின. எல்லோர் தேநீரிலும் சர்க்கரை குறைந்தது. வாய் உலர்ந்தால் கலருக்குப் பதில் நீர்மோர். மாலையில் நானும் அக்காவும் ஏரிக்கரை வரை நடக்கிறோம். மீண்டும் மாத்திரை தொடங்கி ஓராண்டாகிறது. 63 இன்று 59. இது சிறு வெற்றியே. ஆனால் மாத்திரை ஒரு நாளும் நிற்கவில்லை. அதுவே பெரு வெற்றி.

நம் வகுப்பிலும் விடுதியிலும் உருவத்தைப் பார்த்துப் பட்டப்பெயர் சூட்டுவது பொழுதுபோக்காகிவிட்டது. நாம் கேலி செய்யும் அந்த உடம்புக்குள் ஒரு மனம் எத்தனை போராடி எழுந்து நிற்கிறதோ, யார் அறிவார்?

மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணை செய்பவனையும் சேர்த்தார். அந்த நான்காம் கூறு நாமே. நண்பர்களே, துணை செய்ய இயலாவிடினும் நாவையேனும் காப்போம்!