முதலில் கூரை, பிறகு குளிரூட்டி

மாணவர்களே, மார்ச் மாதத்தில் ஒரு மதிய நேரம். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. இருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆசிரியர் சொல்வது காதில் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை. பாலிங், கூப்பாங், கோல கெட்டில் பக்கம் படிப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை இப்படி உட்கார்ந்திருக்கும்போது அண்ணாந்து மேலே பாருங்கள். வெக்கை பெரும்பாலும் அங்கிருந்துதான் இறங்குகிறது.

வெயில் காலம் வந்துவிட்டால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் "பணம் திரட்டி வகுப்புக்கு ஒரு ஏர்கோன் போடுவோம்" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். நான் குளிரூட்டிக்கு எதிரி அல்லன். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் சில நாள்கள் அது உயிர் காக்கும் கருவி. ஆனால், கூரையைக் கவனிக்காமல் முதலில் அதை வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போன்றது என்பதே என் கருத்து. ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாகப் பிரித்து எச்சரிக்கிறது. தொடர்ந்து 3 நாள்களுக்குப் பகலின் உச்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. இந்தப் பட்டியலில் கெடா மாவட்டங்களின் பெயர் அடிக்கடி வரும். பாலிங்கும் வந்ததுண்டு. நாட்டின் உச்சப் பதிவான 40.1 டிகிரியும் நமக்கு அருகில்தான், 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் அளக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துறை அளப்பது, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலையை. உங்கள் தகரக் கூரைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது.

பாலிங் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 5.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். மற்ற மாதங்களிலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. லண்டனில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அங்கே வெயில் சன்னல் வழியாக வரும், வந்தால் வரவேற்பார்கள். நமக்கு வெயில் கூரை வழியாக வருகிறது. குளிர்நாட்டு வீடுகளின் படத்தைப் பார்த்து நம் ஊரில் வீடு கட்டும்போது இந்த வேறுபாடுதான் மறந்துபோகிறது.

இப்போது கணக்கு. உங்கள் வகுப்பறை 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 63 சதுர மீட்டர். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழும். அப்படியானால் கூரையில் விழுவது 63 கிலோவாட். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே இறங்கினாலே 6.3 கிலோவாட். கடையில் 1 குதிரைத்திறன் என்று விற்கும் குளிரூட்டி வெளியேற்றுவது சுமார் 2.6 கிலோவாட் வெப்பம். கூரையிலிருந்து இறங்குவதை வெளியேற்றவே இரண்டு குளிரூட்டிகள் போதாது! வகுப்பில் 30 பேர் இருந்தால் ஆளுக்கு 100 வாட் வீதம் இன்னும் 3 கிலோவாட். உங்களைக் குறைக்க முடியாது. கூரையிலிருந்து வருவதைக் குறைக்கலாம். (மாடிக் கட்டடமாக இருந்தால் இந்தக் கணக்கு மேல்தளத்து வகுப்புகளுக்கு மட்டும்தான். கீழ்த்தளத்து நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.)

படிவம் 2 அறிவியலில் வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்று படித்திருப்பீர்கள். கடத்தல், சலனம், கதிர்வீச்சு. கூரை விஷயத்தில் வில்லன் மூன்றாவது. துருவேறிய தகரம் உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தகரம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைக் கீழ்நோக்கி வீசுகிறது. அது சீலிங் பலகையைச் சூடாக்குகிறது, பலகை உங்கள் தலையைச் சூடாக்குகிறது. கதிர்வீச்சுக்குக் காற்றின் உதவி தேவையில்லை. ஆகவே மின்விசிறி அதைத் தள்ளிவிடவும் முடியாது. விசிறி வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கும், அவ்வளவுதான். வகுப்பின் மேற்பகுதியில் தேங்கிய சூடான காற்றுக்கு வெளியேற வழி இல்லையென்றால் அதையே கீழே இறக்கி நம் மேல் வீசும்.

இதற்கு மருந்து பெரிய விலையில் இல்லை. பளபளப்பான அலுமினியத் தாள், தன்மேல் விழும் வெப்பக் கதிரில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். தான் சூடானாலும் மிகக் குறைவாகவே கதிரை வெளியிடும். ஆனால் அதை ஒட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தாள் தகரத்தோடு ஒட்டியிருந்தால் பயனில்லை, ஏனென்றால் அலுமினியம் நல்ல வெப்பக் கடத்தி. இடையில் காற்று இடைவெளி வேண்டும். பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருப்பது நல்லது. மேல்நோக்கி இருந்தால் சில ஆண்டுகளில் தூசி படிந்து கண்ணாடி போன்ற தாள் சாம்பல் நிறத் தாள் ஆகிவிடும்.

தாத்தா பாட்டியிடம் பேசினால், "லயத்து வீட்டில் இவ்வளவு புழுக்கம் இல்லையப்பா" என்பார்கள். அதில் உண்மை உண்டு, மறதியும் உண்டு. அத்தாப்பு வேய்ந்த காலத்து வீடு உண்மையிலேயே குளுமைதான், ஓலை அடுக்குகளுக்கு இடையில் சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுத்தது. தகரம் வந்ததும் பகல் வெக்கை அங்கேயும் வந்தது. ஆனால் மெல்லிய பலகைச் சுவர் வெப்பத்தைச் சேமித்து வைக்காது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். இன்றைய தாமான்களில் உள்ள தெராஸ் வீட்டின் செங்கல் சுவரோ மாலை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் திருப்பித் தருகிறது. அதிலும் படுக்கையறை மேற்குப் பார்த்த வீடென்றால் சொல்லவே வேண்டாம். தாமான் திட்டங்களில் வீடு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதைச் சூரியன் முடிவு செய்வதில்லை, சாலை முடிவு செய்கிறது.

லயத்தைச் சுற்றிப் பால்மரங்கள் நின்றன. அந்த நிழலிலும் ஒரு சோகம் இருக்கிறது. நம் பக்கத்தில் பால்மரம் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச் வாக்கில், அதாவது வெயில் உச்சத்தில். நிழல் தேவைப்படும்போது மரம் மொட்டையாக நிற்கும்! லயத்தைப் புகழ்ந்து அங்கே திரும்பச் சொல்லவில்லை நான். நெருக்கடி, ஒழுகல், சொந்தமில்லாத வீடு என்று அதற்கு இருந்த குறைகள் ஏராளம். அது எங்கே சரியாக இருந்தது, ஏன் சரியாக இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்வோம்.

தகரக் கூரையைத் திட்டியே பேசிக்கொண்டிருக்கிறேன். அதே தகரத்தை வைத்து உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் இருக்கிறார். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற சிற்றூரில் 1965இல் பிறந்தவர் பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளி இல்லாததால் சிறுவயதிலேயே வெளியூர் போய், காற்றும் வெளிச்சமும் குறைந்த சிமெண்டு வகுப்பறையில் படித்தவர். பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோதே தன் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளியை வடிவமைத்தார். 2001இல் அது கட்டி முடிந்தது. ஊர் மக்களே மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து கல் அறுத்துச் சுவர் எழுப்பினார்கள். சீலிங்கும் அதே மண்கல்தான், காற்று மேலேறத் துளைகளோடு. அதற்கு மேல், தொடாமல், இரும்புக் கம்பிச் சட்டங்களில் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. வெயில் தகரத்தைச் சுட்டாலும், இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். உள்ளிருக்கும் சூடான காற்றும் துளை வழியே மேலேறி அதோடு சேர்ந்துவிடும். இந்தப் பள்ளிக்கு 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கட்டடக்கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் 2022இல் கெரேயைத் தேடி வந்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யாங், அம்பாங்கில் 1985இல் தமக்காகக் கட்டிய வீட்டுக்குப் பெயரே 'கூரைக் கூரை வீடு'. வீட்டின் மேல்தளத்துக்கு மேலே குடைபோல இன்னொரு கூரை. அதில் சாய்வான பட்டைகள், வெயிலை மறித்துக் காற்றை விடும். பெரிய நகரத்துக் கலைஞரும் ஏழைக் கிராமத்து மாணவரும் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அந்த விடையில் ஏதோ இருக்கிறது.

சட்டமும் காற்றை மறக்கவில்லை. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்களில் 39ஆவது விதி, வீட்டு அறையின் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடும், தடையில்லாமல் காற்று நுழையும் திறப்பு 5 விழுக்காடும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வகுப்பறைக்கு இது இருமடங்கு, 20 விழுக்காடும் 10 விழுக்காடும். நம் 63 சதுர மீட்டர் வகுப்பறைக்குத் திறப்பு 6.3 சதுர மீட்டர் வேண்டும். அளவு நாடாவோடு போய் அளந்து பாருங்கள். திரைச்சீலையும் அறிவிப்புப் பலகையும் மறைத்த பகுதியைக் கழித்துவிடுங்கள். பழைய நாக்கோ சன்னலைத் திறந்தால் ஏறக்குறைய முழுதும் திறக்கும். புதிய வீடுகளில் வரும் நகரும் கண்ணாடிச் சன்னல் பாதிதான் திறக்கும். திருடர் பயத்தால் நாக்கோவைக் கைவிட்டோம், காற்றில் பாதியையும் சேர்த்துக் கைவிட்டோம். நிரந்தரக் குளிரூட்டி வைத்தால் இந்த விதியைத் தளர்த்தவும் சட்டம் இடம் தருகிறது. மின்சாரம் தடைபடும் நாளில் அந்த அறையில் இருப்பவர் பாடு?

இப்போது கைப்பேசியில் ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு அழகான பள்ளிக்கூடப் படம் வரைந்து தருகிறது. நானும் பார்த்து ரசிப்பதுண்டு. அந்தப் படத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மேற்கு எந்தப் பக்கம்? சூடான காற்று எங்கே வெளியேறும்? பெரும்பாலும் பதில் இருக்காது. என்னைக் கேட்டால், உங்கள் அறிவியல் கழகம் வாங்க வேண்டியது ஓர் அகச்சிவப்பு வெப்பமானி. காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என்று மூன்று வேளையும் சீலிங்கையும் நான்கு சுவர்களையும் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். பளபளக்கும் உலோகத்தை நேராக அளந்தால் கருவி தவறான எண்ணைக் காட்டும். அதில் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, டேப்பை அளக்க வேண்டும். காற்றின் வழியைக் காண ஓர் ஊதுபத்தி போதும். சன்னலருகே பிடித்துப் புகை எங்கே போகிறது என்று பாருங்கள். கூரைமேல் மட்டும் ஏற வேண்டாம்.

அந்த அட்டவணையோடு கூட்டத்துக்குப் போனால், "ஏர்கோன் வேண்டும்" என்ற குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரலும் ஒலிக்கும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அடியில் அலுமினியத் தாள், உச்சியில் காற்றுப் போக்கி, இவற்றுக்கு என்ன செலவு என்று விலை கேட்கலாம். வெள்ளைப் பூச்சை இந்தியாவின் தெலங்கானா மாநிலம் 2023 முதல் அரசுக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. ஆனால் அங்குள்ள வறண்ட காற்று நமக்கு இல்லை. நம் மழையில் வெள்ளைக் கூரை பாசி பிடித்துக் கறுத்துப்போகும், ஆண்டுக்கொரு முறையாவது கழுவ வேண்டும். கழுவும் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

பூச்சு வேலைக்குக் காய்ந்த கூரை வேண்டும். நம் வட்டாரத்தில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் தொடக்கத்தில். அந்த இடைவெளியில் வேலை நடக்க வேண்டுமானால், விலைப்பட்டியல் முந்தைய ஆண்டின் கடைசிக் கூட்டத்திலேயே மேசைக்கு வந்தாக வேண்டும்.