சிலை வேண்டும், சொல் வேண்டாமா?

உணவு, படை, மக்களின் நம்பிக்கை ஆகிய மூன்றும் அரசுக்கு வேண்டும். இடர் வரின் முதலிற் படையை இழக்கலாம். பின்னர் உணவையும் இழக்கலாம். நம்பிக்கையை இழந்த அரசோ நில்லாது. இதுவே சீனப் பேரறிஞர் கொன்பூசியஸ் தம் மாணாக்கருக்கு உணர்த்திய அரசியல்.

அவர் வழிவந்த மென்சியஸ் மக்களை முதலிலும் மன்னனை இறுதியிலும் வைத்தார். அரியணை பொறுக்குமா? மிங் வமிசத்தின் முதல் மன்னன் 1394இல் அவர் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டியெறிந்தான்.

இக்கால ஆட்சியாளர் செய்ததென்ன? 1966இல் செங்காவலர் சூபூ நகரிற் கொன்பூசியஸின் கல்லறையைச் சிதைத்தனர். 1974இல் அவரைத் தூற்றுவதே அரசின் இயக்கமாயிற்று. 2004 முதல் அதே கட்சியின் ஆட்சி அவர் பெயரால் உலகெங்கும் நிலையங்களைத் திறந்தது. 2011 ஜனவரியில் தியனன்மென் சதுக்கத்தருகே எழுந்த அவரது சிலை ஏப்ரலில் அகற்றப்பட்டது.

நாம் கேட்கிறோம்: தூற்றியதும் போற்றியதும் ஆட்சியின் வசதிக்கன்றோ? பணிவைப் போதித்த கொன்பூசியஸை அரண்மனைக்குள் அழைத்து, நம்பிக்கையை வலியுறுத்திய கொன்பூசியஸை வாயிலில் நிறுத்துவது நேர்மையாகுமா? மாற்றுச் சொல்லுக்கு அஞ்சும் அரசு மக்களை நம்பவில்லை. தம்மை நம்பாத அரசை மக்கள் எங்ஙனம் நம்புவர்?

வெட்டிய மன்னனின் வமிசம் 1644இல் வீழ்ந்தது. வெட்டுண்ட சொற்களோ மீண்டும் நூலிலேறி இன்றும் வாழ்கின்றன!