நேர் றோட்டில் பழகிய டயரும் பதினெட்டு வளைவும்



தவணை விடுமுறை வருகிறது. நம்மட ஊர்ப் பொடியன்மார் கண்டி, நுவரெலியா போக இப்பவே பைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். போன முறை அப்படிப் போன எங்கள் மாணவன் ஒருவன் காலில் கம்பி வைத்துத் திரும்பி வந்தான். ஏ.எல். எழுதவில்லை. "ஸ்பீடா போயிருப்பான்" என்று ஊர் ஒரு சொல்லில் முடித்துவிட்டது.

நாங்கள் சில ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய் அவனிடம் கேட்டோம். மஹியங்கனைக்கு அங்கால் பதினெட்டு வளைவில், வளைவுக்குள் நுழைந்த பிறகு எதிரே பஸ்ஸைக் கண்டிருக்கிறான். வேகம் 40 அல்லது 45தான். பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். சாய்ந்திருந்த பைக் நிமிர்ந்து நேரே போய்விட்டது. லைசன்ஸ் எடுத்து மூன்று மாதம். எட்டுப் போட்டுக் காட்டி எடுத்த லைசன்ஸ். நடக்கும் வேகத்தில் எட்டுப் போடுவதற்கும் மலை வளைவில் இறங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

வெளியே வந்து அவனுடைய பின் டயரைத் தடவிப் பார்த்தோம். நடுப்பகுதி சப்பை, இரண்டு ஓரமும் புதிசு. நம்மட பக்கத்து பைக்குகளில் பாதி இப்படித்தான் இருக்கும். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரை பெரும்பாலும் நேர் றோட்டுத்தானே. நடுவில் மட்டும் தேய்ந்த டயரில் ஒரு விளிம்பு உண்டாகிவிடும். சாய்க்கும்போது முதலில் மறுக்கும், பிறகு திடீரென்று விழும். மலைக்குப் போகும்வரை அது தெரியாது. டயர் மட்டுமல்ல, ஓட்டுகிற நாமும் நேராகவே பழகிவிட்டோம்.

கணக்குப் பாடம் எடுப்பவர்கள் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். 30 மீற்றர் ஆரையுள்ள வளைவில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் பைக் ஏறக்குறைய 23 பாகை சாய வேண்டும். அதே வளைவில் 60இல் போனால் 43 பாகை. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, சாய்வு இரண்டு மடங்குக்குக் கிட்டப் போய்விட்டது. காய்ந்த நல்ல தாரில் நல்ல டயருக்கே அது எல்லைக்குக் கிட்ட. மண் கிடந்தால் முடிந்தது கதை.

டயரின் பிடிப்பு ஆசிரியர் சம்பளம் மாதிரி. இருப்பது ஒரே தொகை. பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சமில்லை. அதனால் பிரேக்கையும் கியரையும் வளைவுக்கு முன்னாலேயே, பைக் நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். உள்ளே போனபின் எக்ஸலேட்டரை மெதுவாகத் திறந்து பிடித்துக்கொண்டு போவதுதான் வேலை. கண் எங்கே பார்க்கிறதோ பைக் அங்கேதான் போகும். பஸ்ஸைப் பார்த்தால் பஸ்ஸிடம் போகும். இடப்பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை லேசாக முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள், பைக் தானாக இடப்பக்கம் சாயும். பத்து வருசம் ஓட்டியவர்களே இதை நம்ப மறுக்கிறார்கள், செய்து பார்க்கும்வரை. வலது வளைவில் இன்னொரு விசயம் இருக்கிறது. சில்லு நம்முடைய பக்கத்தில் இருக்கும், ஆனால் சாய்ந்த தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வருகிறவனுடைய பக்கத்தில் இருக்கும். அங்கே கோட்டுக்கு ஒட்டிப் போகவே கூடாது.

டயர் விசயத்தில் பொடியன்மாரோடு எங்களுக்குச் சண்டையே நடக்கிறது. பின்னால் 140 டயர் வர வேண்டிய றிம்மில் 150 போட்டால் பார்க்க வடிவுதான். றிம் அகலம் போதாமல் டயர் நெருக்குப்பட்டு அதன் வளைவான உருவம் மாறிவிடும். காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்பதும் யூடியூபில் ரேஸ் பார்த்து வந்த கதை. பைக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு போதும், காலையில் டயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ இருந்தாலும் றப்பர் கல்லாகியிருக்கும். புது டயர் போட்ட அன்றே மலை ஏறவும் வேண்டாம், முதல் நூறு கிலோமீற்றர் வழுக்கும்.

பைக்கே வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று சில வாப்பாமார் சொல்கிறார்கள். நாங்கள் அதற்கு உடன்பாடில்லை. பைக் இல்லாமல் ரியூசனுக்கும் வேலைக்கும் எப்படிப் போவது? இரண்டு லட்சம் செலவழித்து கிரிக்கெட் போட்டி நடத்துகிற கழகங்களால் வளைவு ஓட்டப் பழக்க ஒரு காலை ஒதுக்க முடியாதா? "எல்லாம் கத்ரு" என்கிறவர்களும் ஒட்டகத்தைக் கட்டத்தானே வேண்டும்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் நிற்போம், இன்ஷா அல்லாஹ். காற்று பார்க்கும் கேஜ் எங்களிடம் இருக்கிறது. விடுமுறைக்குப் போகிறவர்கள் பைக்கோடு வாருங்கள். உம்மாமார் இதைப் படித்தால் மகனை அனுப்பிவிடுங்கள்.