தோற்றவன் பெயரில் ஒரு சொல்

ஒரு படம் பிடிக்கவில்லையா, ‘பாய்காட்’. ஒரு விளம்பரம் எரிச்சலூட்டுகிறதா, அதற்கும் ‘பாய்காட்’. கைபேசியில் இரண்டு தட்டு, வேலை முடிந்தது. சட்டைப்பையிலிருந்து பத்து பைசா போகவில்லை. இதைப் போராட்டம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். 1880-ஆம் வருட அயர்லாந்து விவசாயிகள் கேட்டால் சிரிப்பார்கள்.

1879-ல் மழையும் நோயும் சேர்ந்து விளைச்சலைப் பாழாக்கின. மேற்கே மேயோ மாவட்டத்தில் வயிற்றுக்கே இல்லை, குத்தகை எங்கிருந்து கொடுப்பது? 1880-ல் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. அப்படி விரட்டப்படுகிறவர்களுக்கு இழப்பீடு தரும் மசோதா ஒன்று லண்டனில் வந்தது. ஆகஸ்டில் பிரபுக்கள் சபை அதைத் தூக்கியெறிந்தது. நிலமே அவர்களுடையது, வேறென்ன செய்வார்கள்?

மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர் சார்ல்ஸ் பாய்காட். குத்தகையில் 25 சதவீதம் குறையுங்கள் என்றார்கள் விவசாயிகள். 10 தான் என்றார் பிரபு. செப்டம்பர் 22 அன்று வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க வந்த ஆளைப் பெண்கள் கல்லும் சாணியுமாக விரட்டியடித்தார்கள். அதன்பிறகு பண்ணையாட்கள் போனார்கள். வீட்டு வேலைக்காரர்கள் போனார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், சலவைக்காரி துணி எடுக்க மறுத்தார். பக்கத்து ஊரான பாலின்ரோபில் காசு கொடுத்தாலும் கடைக்காரர்கள் சாமான் தரவில்லை.

இங்கே யாருக்கு நஷ்டம் என்று கேளுங்கள். குளிர்காலம் வாசலில் நிற்கும்போது கூலியை விட்டுவிட்டுப் போவது சும்மாவா? எல்லோரும் மனமுவந்து போனார்கள் என்றும் கதைவிட வேண்டாம். கூட்டத்துக்குப் பயந்து போனவர்களும் உண்டு.

பார்னெல் வழி சொன்னார், ஜனங்கள் நடந்தார்கள் என்று எழுதுவது வழக்கம். செப்டம்பர் 19 அன்று என்னிஸ் நகரில் அவர் பேசியது உண்மைதான். ஆனால் அவர் ஒதுக்கிவைக்கச் சொன்னது யாரை? விரட்டப்பட்டவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிற இன்னொரு விவசாயியை. பல நேரங்களில் அவனும் ஏழைதான். அந்தப் பேச்சைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் மெல்லத் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஆயுதத்தை மேல்நோக்கித் திருப்பியவர்கள் மேயோ ஜனங்கள். இது நம்மூர் ஊர்விலக்கு மாதிரிதானே என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அதுதான்: வடிவம் ஒன்று, திசை வேறு. திசையை மறந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நவம்பரில் பாய்காட்டின் அறுவடையைக் காப்பாற்ற, காவன், மோனஹன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சிப்பாய்களும் போலீசுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர். விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. காவல் செலவு 10,000 பவுண்டு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பாய்காட் அயர்லாந்தைவிட்டே கிளம்பிவிட்டார். 1881-ல் நியாயக் குத்தகையும் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையும் சட்டத்தில் ஏறின. கூடவே, விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் சட்டமும் வந்தது. வெற்றி இலவசமாகக் கிடைக்கவில்லை.

அந்தச் சொல்லைச் சூட்டியவர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி என்கிறார் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத். விவசாயிகளுக்குப் புரிகிற சொல் வேண்டும் என்பதற்காக எதிராளியின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அகராதியில் இன்று பாய்காட் இருக்கிறார். அந்தச் சலவைக்காரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே அடுத்த முறை அந்தச் சொல்லைத் தட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். இதில் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை என்றால் அதற்கு வேறு பெயர் வையுங்கள். முணுமுணுப்பு என்று நல்ல தமிழ்ச் சொல்லே இருக்கிறது.