ராத்திரி வேலை யாருக்கு ஆகாது?

"டேட்டா இன்ஜினியரிங்னா நைட் சப்போர்ட் இருக்கும்மா, உங்களுக்குச் சரிவராது." பயிற்சி முடிந்த அன்று மேலாளர் சொன்னது இது. பையன்களை டேட்டா இன்ஜினியர்களாக எடுத்துக்கொண்டு, எங்களை டெஸ்டிங்குக்கு அனுப்பினார்கள். அதே எஸ்க்யூஎல், அதே பைத்தான் தேர்வைத்தான் நாங்களும் எழுதியிருந்தோம்.

வீட்டில் சொன்னேன். "நல்ல மனுஷன், அக்கறையா சொல்றார்" என்றார் அப்பா. அப்போது மணி பதினொன்று. பக்கத்தில் அம்மா கொலுசுக்குக் கண்ணி கோர்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்ப்பேட்டையில் ராத்திரி வேலை பார்க்கும் பெண்களைத் தேட வேண்டியதில்லை. தீபாவளி நெருங்கினால் கொலுசுப் பட்டறை வேலை வீடுவீடாக வந்துவிடும். வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள், நிறுத்து வாங்குவார்கள், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். வந்த எடை, போன எடை, சேதாரம் மூன்றையும் நோட்டில் எழுதி, கணக்கு ஒத்துப்போகும்வரை அம்மா படுக்கமாட்டார். பொம்பளைக்கு ராத்திரி ஆகாது என்று எந்த மாமாவும் வந்து சொன்னதில்லை.

நான் கேட்ட வேலையும் ஏறக்குறைய அதுதான். கடைகளில் பகலெல்லாம் போட்ட பில்கள் நள்ளிரவுக்குமேல் ஓரிடத்தில் வந்து சேரும். இரட்டிப்பை நீக்கி, வந்த எண்ணிக்கையும் சேர்ந்த எண்ணிக்கையும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, விடிவதற்குள் தயாராக வேண்டும். நடுவில் பைப்லைன் நின்றால் போன் அடிக்கும். லேப்டாப்பைத் திறந்து சரிசெய்ய வேண்டும். வீட்டுப் படி தாண்டக்கூட வேண்டாம்! கூலி குறைவாக இருக்கும்வரை எங்கள் இரவு யாருக்கும் உறுத்தவில்லை. சம்பளமும் பதவியும் சேரும்போதுதான் எங்கள் பாதுகாப்பு நினைவுக்கு வருகிறது.

இந்த அக்கறை பழசு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பெண்கள் காலை 6 முதல் இரவு 7 வரை மட்டுமே வேலை செய்யலாம் என்றது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவுத் தடை செல்லாது என்றது. போக்குவரத்தும் பாதுகாப்பும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு என்றது. அம்மாவின் திண்ணை தொழிற்சாலை இல்லையே! அங்கே தடையும் வரவில்லை, வசதியும் வரவில்லை.

நான் மின்னஞ்சலில் இரண்டே கேள்வி கேட்டேன். எந்த அடிப்படையில் பிரித்தீர்கள்? இரவு முறைக்கு அலவன்ஸ் எவ்வளவு? எழுத்தில் பதில் சொல்லவேண்டும் என்றதும் மூன்றே வாரத்தில் என் பிரிவு மாறியது. நேர்காணலுக்குப் போகும் தங்கைகளே, அவர்கள் வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது மாதத்தில் ஒரு வாரம் என் முறை. அலவன்ஸ் என்றால் என்ன என்று அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டு, போன தீபாவளிக்குப் பட்டறைக்காரரிடம் ராத்திரிக் கூலி கேட்டார். "இது என்ன கம்பெனியா?" என்று சிரித்தாராம். இந்த வருஷம் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போகிறார்.