16 கேபி பட்டனை அழுத்தினால் போன் பறக்குமா? பந்தியில் இருக்கு பதில்!

இந்த வாரம் இன்பாக்ஸுக்கு ஒரு வாசகியிடமிருந்து வந்த கேள்வி இது: ‘டெவலப்பர் ஆப்ஷனில் 16 கேபி பேஜ் சைஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறதாம். அதை ஆன் செய்தால் போன் வேகமாகிவிடும் என்று வீடியோ பார்த்துவிட்டு என் தம்பி நச்சரிக்கிறான். என்னுடையது பிக்ஸல் போன். மறைந்த அப்பாவின் போட்டோக்களும் வாய்ஸ் மெசேஜ்களும் அதில்தான் இருக்கின்றன. செய்யலாமா?’

சுருக்கமான பதில்: வேண்டாம். தம்பியிடம் போனைக் கொடுக்காதீர்கள், சகோதரி!

ஆனால், அந்த வீடியோ சொல்வது முழுப் பொய்யும் இல்லை. பட்டன் நிஜம், வேகமும் ஓரளவு நிஜம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைத்தான் வீடியோவில் சொல்லவில்லை. கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடலாம்.

பேஜ் என்றால் என்ன?

போனில் 8 ஜிபி ரேம் என்கிறோம் இல்லையா? அதை போன் ஒரே பெரிய கூடமாகப் பயன்படுத்துவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஆப்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. ஒரு துண்டுக்குப் பெயர்தான் ‘பேஜ்’. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் வழக்கமான கம்ப்யூட்டர்களிலும் ஒரு பேஜின் அளவு 4 கேபி. இன்டெல் நிறுவனத்தின் 386 சிப் 1985-ல் வந்ததே, அதிலும் இதே 4 கேபிதான். அன்றைக்கு ரேமை எம்பி கணக்கில் எண்ணினார்கள். இன்று ஜிபி கணக்கு. துண்டின் அளவு மட்டும் மாறவில்லை.

கணக்குப் போட்டால் 8 ஜிபி ரேமில் சுமார் 21 லட்சம் துண்டுகள். எந்த ஆப்பின் எந்தத் தகவல் எந்தத் துண்டில் இருக்கிறது என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதைப் புரட்டினால் நேரமாகும் என்பதால், பிராசஸர் தன் கையிலேயே ஒரு குட்டிச் சீட்டு வைத்திருக்கும். அதை டி.எல்.பி. என்பார்கள். அந்தச் சீட்டில் இடம் மிகவும் குறைவு.

கல்யாணப் பந்திக்கு வாங்க!

இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பந்தி போதும். 400 இலை போட்டிருக்கிறார்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள ஒரு மாமா நிற்கிறார். அவர் கையில் இருக்கும் சீட்டில் 20 வரிதான் எழுத முடியும். ஆளுக்கு ஒரு வரி எழுதினால் 20 பேரோடு சீட்டு நிரம்பிவிடும். அடுத்த ஆளைத் தேட, ஸ்டோர் ரூமில் இருக்கும் பெரிய நோட்டுக்கு ஓட வேண்டும். ஓடி ஓடியே மாமாவுக்கு மூச்சு வாங்கும்.

அதுவே, ‘மூன்றாவது வரிசை முழுக்க சம்பந்தி வீட்டார்’ என்று எழுதினால்? ஒரே வரியில் 40 பேர் அடங்கிவிடுவார்கள். ஓட்டம் குறையும், சாம்பார் சூடாக வரும்!

துண்டைப் பெரிதாக்கினால் நடப்பதும் இதுதான். 16 கேபி பேஜ் என்றால் 21 லட்சம் துண்டுகள் சுமார் 5 லட்சத்து 24 ஆயிரமாகக் குறைந்துவிடும். பிராசஸர் பெரிய பட்டியலுக்கு ஓடும் வேலையும் குறையும்.

நஷ்டமும் உண்டு. ஒரு ஆப்புக்கு 1 கேபி இடம்தான் தேவை என்றாலும் 16 கேபி துண்டு முழுவதும் அதற்கே போய்விடும். ஒருவருக்காக நாலு இலையை மடக்கி வைத்த மாதிரி. அதனால் ரேம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

சர்வர்களில் இது பழைய கதை

பேங்க், டெலிகாம் நிறுவனங்களின் பெரிய கம்ப்யூட்டர்களில் இந்த வித்தை பல வருடங்களாக இருக்கிறது. லினக்ஸில் இதற்குப் பெயர் ‘ஹியூஜ் பேஜஸ்’. அங்கே 16 கேபி எல்லாம் சின்னப் பிள்ளை. 2 எம்பி, 1 ஜிபி என்ற அளவுகளில்கூடத் துண்டு போடலாம். 8 ஜிபியை 2 எம்பியாகப் பிரித்தால் 4,096 துண்டுகள். 1 ஜிபியாகப் பிரித்தால் வெறும் எட்டு! ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களை நடத்துபவர்கள் இதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

சுவாரஸ்யமான விஷயம், இதை எப்போது செய்கிறார்கள் என்பதுதான். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ‘இப்படி இப்படி எழுந்திரு’ என்று லினக்ஸின் கெர்னலுக்குச் சில வரிகள் போகும். பூட் பாராமீட்டர் என்பது அதுதான். ‘பேஜ் அளவு 1 ஜிபி, எண்ணிக்கை 4’ என்று அந்த வரியிலேயே எழுதிவிட்டால், வேறு எந்த ப்ரோக்ராமும் உள்ளே வருவதற்கு முன்பே 4 ஜிபி ஒதுக்கப்பட்டுவிடும்.

ஏன் அவ்வளவு அவசரம்? மறுபடியும் பந்திக்கே போவோம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு சம்பந்தி வீட்டார் 40 பேர் வருகிறார்கள். 40 இலை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று சிதறிக் கிடக்கிறது. சேர்ந்தாற்போல் ஒரு வரிசை கிடைக்காது. அதனால்தான் விவரமான மாமா, பந்தி தொடங்கும் முன்பே துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறார். 2 எம்பி துண்டுகளைப் பிறகுகூட முயன்று பார்க்கலாம். 1 ஜிபி துண்டுகளுக்கு ஆன் ஆகும் நேரம்தான் நல்ல நேரம்.

இதிலும் ஒரு சிக்கல். இடம் பிடித்து வைத்துவிட்டு சம்பந்தி வரவில்லை என்றால் அந்த வரிசை காலியாகவே கிடக்கும். மற்றவர்கள் உட்காரவும் முடியாது. 8 ஜிபி லேப்டாப்பில் 7 ஜிபியை இப்படி ஒதுக்கினால், மீதி 1 ஜிபியில் மற்ற எல்லாம் திணறும். சிஸ்டம் எழுந்திருக்காமலேகூடப் போகலாம். லினக்ஸ் படிக்கும் கல்லூரித் தம்பி, தங்கைகள் கவனிக்க!

பெரிய துண்டு எல்லோருக்கும் நல்லதும் இல்லை. லினக்ஸ் தானாகவே பெரிய துண்டு போட்டுத் தரும் வசதியை, ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் ‘தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்’ என்று எச்சரிக்கும். யாருக்கு எது பொருந்தும் என்பதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

சரி, போனுக்கு வருவோம்

ஆப்பிள் தன் ஐபோன்களில் ஏற்கெனவே 16 கேபிக்கு மாறிவிட்டது. ஆண்ட்ராய்டில் 15-வது பதிப்பிலிருந்துதான் இந்த வசதி. கூகுள் தன் ஆரம்பகட்டச் சோதனைகளில் கிடைத்ததாகச் சொல்லும் கணக்கு: ரேம் நெருக்கடியில் இருக்கும்போது ஆப் திறக்கும் நேரம் சராசரியாக 3.16% குறைகிறது. சில ஆப்களில் மட்டும் 30% வரை. ஆப் திறக்கும்போது செலவாகும் மின்சாரம் 4.56% குறைவு. போன் ஆன் ஆகும் நேரத்தில் ஒரு விநாடிக்கும் சற்றுக் குறைவான மிச்சம்.

லாபம்தான். ஆனால், ‘பறக்கும்’ என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

இப்போது அந்தப் பட்டன். அது பிக்ஸல் 8 முதலான சில போன்களில் ஆப் உருவாக்குபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது. அதை அழுத்தினால் போனின் கெர்னலையே மாற்றி, வேறொன்றோடு எழுப்பும். அதற்கு முதலில் பூட்லோடரை அன்லாக் செய்ய வேண்டும். அன்லாக் செய்தால் போனில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். அப்பாவின் குரலும் சேர்த்துத்தான். போதாக்குறைக்கு, அன்லாக் செய்த போனில் சில பேங்க் ஆப்கள் வேலை செய்ய மறுக்கும். ஒரு விநாடி மிச்சத்துக்கு இவ்வளவு விலையா?

மற்ற போன் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டனைத் தேடி அலைய வேண்டாம். பேஜ் சைஸ் என்பது கம்பெனி போனைத் தயாரிக்கும்போதே முடிவாகும் விஷயம். ‘16 கேபி ஆக்கித் தருகிறேன்’ என்று எந்த ஆப்பாவது சொன்னால் உடனே டெலிட் செய்யுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

பட்டனை விட்டுவிடுங்கள். நிஜமாகக் கவனிக்க வேண்டியது உங்கள் பழைய ஆப்களை. 4 கேபியை மனதில் வைத்து எழுதப்பட்ட சில ஆப்கள், 16 கேபி போனில் திறக்காமல் போகலாம். குறிப்பாக சி, சி++ மொழிகளில் எழுதிய பகுதிகள் உள்ள ஆப்கள். ஆண்ட்ராய்டு 15-க்கும் அதற்கு மேலும் உருவாக்கப்படும் புது ஆப்களும் அப்டேட்களும் 16 கேபிக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் கூகுள் பிளே கட்டாயமாக்கியது. அப்டேட் வந்துகொண்டிருக்கும் ஆப்களுக்குப் பிரச்னை இல்லை. உருவாக்கியவரே மறந்துவிட்ட ஆப்கள்தான் கவலை.

- வரவு செலவு, மருந்துக் குறிப்பு, குரல் பதிவு என்று எதையாவது ஒரு ஆப்பில் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் விவரத்தைத் திறந்து, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள்.
- வருடக்கணக்கில் அப்டேட் இல்லை என்றால், அதில் இருப்பதை எக்ஸ்போர்ட் செய்து வேறு இடத்தில் சேமியுங்கள்.
- புது போன் வாங்கினால், முக்கியமான ஆப்கள் எல்லாம் புதியதில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள்.
- அழிந்தால் திரும்பக் கிடைக்காத போட்டோவும் குரலும் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும். ஒன்று கிளவுடில், இன்னொன்று பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ.

கேள்வி கேட்ட சகோதரி, இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைசி வேலையை முதலில் முடித்துவிடுங்கள். தம்பிதான் ஆர்வமாக இருக்கிறாரே, அவரையே செய்து தரச் சொல்லுங்கள்!